போக பதினொன்றரை, வர இருபத்தெட்டரை

1

சென்னையில் விமானம் ஏறினால் கனடா போய்ச் சேரப் பதினொன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து திரும்பி வர இருபத்தெட்டரை மணி நேரம். இது என் அம்மாவின் கணக்கு. போன கோடை வரைக்கும் இந்தக் கணக்கில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

"போறப்ப சீக்கிரம் போய்டுற. வர்றதுக்குத்தான் ஒரு நாளுக்கு மேல ஆவுது. கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வூட்டு வழி எப்பவுமே நீளந்தான்" என்று போனில் சொல்வாள். எல்லா அம்மாக்களும் சொல்கிற பேச்சுதானே என்று நான் "சரிம்மா, சரிம்மா" என்று விட்டுவிடுவேன். அவள் உண்மையிலேயே மணிக்கணக்கைத்தான் சொல்கிறாள் என்பது என் மரமண்டைக்கு எட்டவேயில்லை.

இந்த மாதத்தோடு நான் டொரொண்டோவுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. எனக்கும் ஒரு படிவத்தில் "இங்கு வந்த தேதி" என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் தெரிந்தது. நிரப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது யோசித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, திட்ட வேண்டிய விஷயம்தான்.

2

வீட்டிலிருந்து ஒருவர் வெளியூர் கிளம்பினால் அவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. இது உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. அம்மா சாப்பிட மாட்டாள். தண்ணீர், டீ எல்லாம் உண்டு. சோறு மட்டும், போனவர் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான். ஏன் என்று கேட்டால், "வழியில கீறவங்களுக்குப் பசிக்குமே, நான் மட்டும் எப்பிடித் துன்றது?" என்பாள். அவர்கள் வழியில் பரோட்டா தின்றுகொண்டிருப்பார்கள் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள்.

நான் திருப்பதியில் விடுதியில் தங்கிப் படித்த மூன்று வருடமும் இது சுலபமாகத்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் சத்தியவேட்டிலிருந்து திருப்பதி பஸ். இரண்டரை மணி நேரம். புத்தூரில் டீக்கு நிறுத்தினால் கொஞ்சம் கூடும். வீட்டில் போன் கிடையாது. ஆனால் அதே பஸ் திரும்பி வந்து எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "திகிந்தம்மா! மீ அம்மாயி திகிந்தி!" என்று தெலுங்கில் ஒரு சத்தம் போடுவார். உங்கள் பெண் இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அதற்காகவே அம்மா வாசலில் நிற்பாள். சத்தம் கேட்டதும் விளக்குமாற்றை எடுப்பாள், பெருக்கி முடித்துச் சாப்பிட உட்காருவாள். அந்த நடத்துநருக்கு வருடா வருடம் ஒரு படி வேர்க்கடலை எங்கள் நிலத்திலிருந்து போகும்.

ஒருமுறை நான் சித்தூருக்கு, ஏதோ சான்றிதழுக்காக, கலெக்டர் ஆபீஸ் போனேன். அப்போது எங்களுக்கு ஜில்லாத் தலைநகர் சித்தூர்தான். போவதற்கே அரை நாள் ஆகும். அன்று வேலை முடியாமல் அங்கேயே ஒரு தோழி வீட்டில் தங்கிவிட்டேன். சித்தூர்ப் பக்கமிருந்து வரும் பஸ்காரர் யாரையும் அம்மாவுக்குப் பழக்கம் இல்லை. மறுநாள் மாலை நான் வீடு திரும்பினபோது கூடத்தில் முந்தின நாள் குப்பை அப்படியே கிடந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டைப் போட்டு என்னோடு சேர்ந்து சாப்பிட்டாள். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கோ இருபது வயது, பசி வேறு.

3

இங்கே நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் கோபம் வரும். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருக்கிறேன். தட்டுகளில் பெயர்ச்சீட்டு ஒட்டி, நேரம் தவறாமல் கொண்டுபோய் வைப்பது என் பொறுப்பு. மஞ்சள் சீட்டு என்றால் சர்க்கரை நோய்க்காரர்கள். அவர்களுக்கு ஊசி போட்டு இத்தனை நிமிடத்துக்குள் சாப்பாடு இறங்கியாக வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் நர்ஸ் ஓடி வந்துவிடுவார். ஒரு பாட்டி தினமும் பசியில்லை என்று முரண்டு பிடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சிக் கொஞ்சி நாலு வாய் ஊட்டிவிடுவேன். "உன் தாய் கொடுத்துவைத்தவள்" என்பார் அவர். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டுவேன்.

வீட்டுக்கு வந்தால் என் பேச்சு மாறிவிடும். எங்கள் கட்டடத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அதிகம். வந்த முதல் வருடம் பொங்கல் விருந்தில் நான் எல்லாரையும் பார்த்து "துன்னுட்டீங்களா?" என்று கேட்டுவைத்தேன். ஓர் அம்மா மிகவும் மரியாதையாக, "நீங்கள் எவ்விடம்?" என்றார். அன்றிலிருந்து வெளியே "சாப்பிட்டீங்களா", வீட்டுக்குள் "துன்னியா". கணக்குப் போடும்போது மட்டும் இரண்டும் வராது. தெலுங்கு மீடியத்தில் படித்ததால் விரல்விட்டு எண்ணினால் ஏடு, எனிமிதி, தொம்மிதி என்றுதான் வாயில் வரும். என் மகள் அனன்யாவிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் பத்து வார்த்தை இருக்கும். அதில் ஒன்று "துன்னுட்டேன்". அதையும் ஆங்கில ராகத்தில் சொல்வாள்.

அவள் போன வருடம் கல்லூரிக்காக வேறு ஊருக்குப் போனாள். ரயிலில் நான்கு மணி நேரம். "சேர்ந்ததும் போன் பண்ணு" என்றேன். "லொகேஷன் ஷேர் பண்ணியிருக்கிறேனே அம்மா, மேப்பில் பார்த்துக்கொள்" என்றாள் ஆங்கிலத்தில். மேப்பில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே போனது. அது நிற்கும்வரை நான் வாக்குவம் கிளீனரைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனாலும் தொடவில்லை.

4

அம்மாவை ஒரு தடவையாவது இங்கே அழைத்து வந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. விமானத்தில் அத்தனை நேரம் கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தால் அவளுக்கே தூரம் தெரிந்திருக்கும். பாஸ்போர்ட்டுக்கு முயற்சியும் செய்தோம். அந்த நேரம் பார்த்து ஜில்லாக்களைப் பிரித்தார்கள். சத்தியவேடு திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. அம்மாவின் ஆதாரில் சித்தூர், ரேஷன் கார்டில் திருப்பதி. ஓர் அலுவலகத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "எப்போ அட்ரஸ் மாறினீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் எங்க சார் மாறுனேன்? கல்யாணமாகி வந்ததுலருந்து அதே வூட்லதான் கீறேன். ஜில்லாதான் என்னை வுட்டுட்டுப் போய்டுச்சு" என்றாளாம் அம்மா. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆதாரைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். அதோடு அவளுக்கு வெறுத்துவிட்டது. "நகராத ஊரை நகர்ந்துச்சுன்னு எழுதிக் குடுக்க நான் வரல. நீயே வந்துட்டுப் போ" என்று முடித்துவிட்டாள்.

இதை அனன்யாவிடம் சொன்னபோது அவள் உடனே போனில் தேடினாள். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று. ஓர் இணையப் பக்கத்தில் விமானப் பயண நேரம் அரைமணிக்கும் குறைவு என்று போட்டிருந்தது. சித்தூரில் விமான நிலையமே கிடையாது. வானத்தில் ஒரு கோடு கிழித்து, வேகத்தால் வகுத்து, நேரம் என்று போட்டுவிட்டார்கள். "அதில் எப்படி அம்மா ஏறுவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒரு மணி நேரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதைவிடப் பெரிய தப்புக்கணக்கு ஒன்று ஊரில் எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தது எனக்குத் தெரியாது.

5

போன கோடையில் தனியாக ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். திரும்பும் நாள் விமானம் காலை பத்து மணிக்கு. வீட்டிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பினோம். நான் காலில் விழுந்து எழுந்தபோது அம்மா என் தலையைத் தொட்டு, "பாத்துப் போ. சேந்ததும் சொல்லு" என்றாள், எப்போதும் போல.

தம்பி காரை ஓட்டினான். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை அவனுக்கு. பேசவே மாட்டான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். ஊத்துக்கோட்டை தாண்டியதும் அவனாகவே ஆரம்பித்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டுக் கத்தாத. கார் ஓட்டிக்கினு கீறேன்."

"சொல்லு."

"போன தடவை நீ ஊருக்குப் போன மறுநாள் அம்மா கொழாயடியில மயக்கம் போட்டு வுழுந்துடுச்சு. சுகர் ரொம்ப எறங்கிப்போச்சு. புத்தூருக்குத் தூக்கிக்கினு போய் குளுக்கோஸ் ஏத்தினோம். இன்னும் அரைமணி லேட்டா வந்திருந்தா சொல்ல முடியாதுன்னாரு டாக்டரு."

நான் கத்தவில்லை. "ஏன்டா சொல்லல?" என்று கேட்டதுதான் ஞாபகம்.

"சத்தியம் வாங்கிக்கிச்சு. சொன்னா அக்கா இனிமே வரமாட்டா, வந்துட்டுப் போனாத்தானே இந்தத் தொல்லைன்னு வராமலே இருந்துடுவான்னு. நீ சேந்துட்டேன்னு போன் பண்ற வரைக்கும் அது ஒண்ணும் துன்றதில்ல. காலைல சுகர் ஊசிய மட்டும் கரெக்டா போட்டுக்குது. கேட்டா துன்னுட்டேன்னு சொல்லும், நம்பாத."

அந்த மறுநாளை நான் நினைத்துப் பார்த்தேன். டொரொண்டோவில் இறங்கி, வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூடத் திறக்காமல் படுத்துத் தூங்கினேன். தூங்கி எழுந்து, டீ குடித்து, அப்புறம்தான் போன். நான் தூங்கிய அந்த நேரத்தில்தான் அவள் குழாயடியில் விழுந்திருக்கிறாள். மஞ்சள் சீட்டுத் தட்டைப் பத்து நிமிடம் தாமதிக்க விடாத நான், என் அம்மாவை ஒரு நாளுக்கு மேல் பட்டினி போட்டிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஏன்டா, ராத்திரியெல்லாமா உக்காந்திருக்கும்?"

"ஆமா. டிக்கெட்டைப் பாத்து நான்தான் எழுதிக் குடுப்பேன். காலைல பத்து மணிக்குக் கெளம்புது, ராத்திரி ஒம்பதரைக்குச் சேருதுன்னு. அந்தச் சீட்டைக் காலண்டர் பக்கத்துல ஒட்டி வெச்சுக்கும். ஒம்பதரைலருந்து போனையே பாத்துக்கினு உக்காந்திருக்கும். ஃப்ளைட்டுன்னா லேட்டாத்தான் போவும், நம்ம சித்தூர் பஸ் மாதிரின்னு அதுவே சொல்லிக்கும். ஆனா தூங்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், அந்த ஒம்பதரை கனடா மணிடா!"

அவன் காரின் வேகத்தைக் குறைத்தான். "அய்யோ" என்றான் மெதுவாக. "நான் யோசிக்கவே இல்லக்கா."

அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஒவ்வொரு தடவையும் அந்த டிக்கெட்டை அவனுக்கு அனுப்பியவள் நான். பதினொன்றரையும் இருபத்தெட்டரையும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் புரிந்தது. புறப்படும் மணியை இறங்கும் மணியிலிருந்து கழித்திருக்கிறாள், அவ்வளவுதான். கழித்தலில் ஒரு தப்பும் இல்லை.

6

துபாயில் மாறி ஏற வேண்டும், அதுவரை விமானத்தில் நாலரை மணி நேரமும் ஒரே யோசனை. இன்னும் பதினாறு மணி நேரம் அவள் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. சட்டத்தை விடு என்று சொன்னால் விட மாட்டாள், அது எனக்குத் தெரியும். துபாயில் இறங்கியதும் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து போன் போட்டேன்.

"அம்மா, சேந்துட்டேன்."

"அதுக்குள்ளயா?" என்றாள். "ஒம்பதரைக்குன்னு இல்ல எழுதிக் குடுத்தான்?"

"காத்து நல்லா அடிச்சுதும்மா. சீக்கிரம் வந்துடுச்சு. நீ போய்த் துன்னு."

"எப்பவும் மறுநா காலைல சேர்ற ஃப்ளைட்டு இன்னிக்கு மதியமே சேந்துடுச்சா?"

நான் அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் தலைக்கு மேல் ஒலிபெருக்கி அலறியது. சென்னை போகும் பயணிகளுக்குக் கடைசி அழைப்பு. ஆங்கிலத்தில் ஒரு தரம், அரபியில் ஒரு தரம்.

"ஏன்டி, கனடாவுல சென்னைக்கு ஆள் கூப்புடுறாங்களா? கோயம்பேடு மாதிரி?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அழுதேன். "நீ கொழாயடியில வுழுந்தது எனக்குத் தெரியும்மா" என்றேன்.

"அவன் வாய்ல ஒண்ணு தங்காது. வரட்டும் வூட்டுக்கு" என்றாள். பிறகு குரலை இறக்கி, "இதுக்காக வராம இருந்துடாத" என்றாள்.

"வருவேன். நீ துன்னாதான் வருவேன். அம்மா, ஒரு கணக்கு சொல்றேன், கேக்குறியா? இப்ப உன் கடிகாரத்துல இன்னா மணி?"

"மூணே கால்."

"நான் துபாய்ல கீறேன். இங்க ஒண்ணே முக்கால். கனடாவுல இப்பத்தான் விடிகாலை அஞ்சே முக்கால்."

"நமக்குப் பகல்னா அங்க ராத்திரி. அது தெரியாதா எனக்கு?"

"டிக்கெட்டுல போட்டிருக்கறது எந்த ஊரு மணி தெரியுமா? ஏறுறப்ப ஏறுற ஊரு மணி. எறங்குறப்ப எறங்குற ஊரு மணி."

அம்மா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் ஏற்றம் இறைத்த காலத்தில், யாருக்கு எந்நேரம் தண்ணீர் என்று ஊருக்கே முறை பிரித்துச் சொன்னவள். வாய்க்குள் முணுமுணுப்பது கேட்டது. நானும் இங்கே விரலை மடக்கிக்கொண்டிருந்தேன், தெலுங்கில். அவள் எனக்கு முன்னால் முடித்துவிட்டாள்.

"அப்ப உன் ஒம்பதரை, எனக்கு நாளைக்குக் காலைல ஏழு மணி."

"ஆமாம்மா."

"பத்துலருந்து ஏழு. இருபத்தோரு மணி நேரம்."

"ஆமாம்மா."

"ஒவ்வொரு தடவையும் அவ்ளோதானா? லேட்டு இல்லையா அது?"

"ஒரு தடவைகூட லேட்டாவலம்மா. எல்லாத் தடவையும் டயத்துக்குத்தான் போய் எறங்கினேன். நீதான் சும்மா பயந்துக்கினு உக்காந்திருந்த."

அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருடப் பயமும் வீண் பயம் என்று சொல்லிவிட்டேனே என்று எனக்குக்கூடச் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. அவளோ, "இருபத்தோரு மணி நேரம்" என்று மறுபடியும் முணுமுணுத்தாள்.

"அம்மா? இருபத்தோரு மணி நேரம் யாராலயும் பட்டினி கிடக்க முடியாது. நான் வழியில ரெண்டு வேளை துன்றேன், நல்லாவே துன்றேன். நீயும் துன்னணும். சத்தியமா."

"சரி, துன்றேன். போனை வெக்காத."

போனை அவள் எங்கேயோ சாய்த்துவைத்தாள். குண்டான் மூடியைத் திறந்து வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு தட்டு. முறுக்கைக் கடிப்பது போல அப்பளம் நொறுங்கியது. என் விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் அவள் சாப்பிடுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் அந்தச் சத்தம் நின்றது.

"நீ இன்னும் போய்க்கினே இருப்பியா, நாளைக்குக் காலைல வரைக்கும்?" என்றாள்.

"ஆமாம்மா."

"பதினொண்ணரை மணிதான்னு நினைச்சுக்கினு இருந்தேன்டி. ஒரு பகல் பொழுது. அவசரம்னா ஓடி வந்துடுவா, வர்றப்ப நடுவுல லேட்டு பண்றவனுங்க பண்ணாம இருந்தா அதே பதினொண்ணரைதான்னு." தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. "அவ்ளோ தூரத்துலயா கட்டிக் குடுத்தேன் உன்னை?"